உலாவி மோசடி என்கிறது, தளமோ நேர்மையானது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் முதல் கீழக்கரை வரை இந்தக் கடற்கரையில் விடுதி நடத்துவோர், சங்குப் பொருள் விற்போர், கருவாடும் கருப்பட்டியும் முண்டு மிளகாயும் இணையத்தில் விற்போர் ஆகியோருக்குச் சிறு இணையதளங்களை அமைத்துப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். “நம்ம தளத்தைத் திறந்தால் சிவப்பாக ஏதோ வருகிறதாம்” என்ற தொலைபேசி அழைப்பு இந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் புதிதல்ல. அப்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஃபிஷிங் வடிகட்டி என்பது என்ன?

வங்கி, அஞ்சல் துறை, கூரியர் நிறுவனம் போன்றவற்றின் பக்கத்தைப் போலவே ஒரு போலிப் பக்கத்தைச் செய்து, அதில் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் எழுத வைத்துத் திருடுவதற்கு ஃபிஷிங் என்று பெயர். மீன்பிடிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்தை மாற்றி உண்டாக்கிய பெயர் அது. தூண்டில் போடுவதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பக்கத்தை நீங்கள் திறக்கும்போது உலாவியே குறுக்கே நின்று சிவப்பு நிறப் பக்கம் ஒன்றைக் காட்டி எச்சரிப்பதுதான் வடிகட்டியின் வேலை. 2006-இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7, ஃபயர்ஃபாக்ஸ் 2 ஆகிய இரண்டும் இந்த வசதியோடு வந்தன. இன்று குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகியவை கூகுள் தொகுக்கும் ‘சேஃப் பிரவுசிங்’ என்ற மோசடித் தளப் பட்டியலைப் பயன்படுத்துகின்றன. எட்ஜ் உலாவி மைக்ரோசாஃப்டின் ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற வடிகட்டியை நம்பியிருக்கிறது.

என் தளத்தில் சிவப்புப் பக்கம் வருகிறது. உலாவி தவறு செய்கிறது என்றுதானே பொருள்?

இருக்கலாம். ஆனால் முதலில் அப்படி எண்ணிக்கொள்ள வேண்டாம் என்பதே என் பதில், அதுவும் பட்டுத் தெரிந்துகொண்ட பதில்.

சில ஆண்டுகளுக்கு முன், தை அமாவாசைக்குப் பத்து நாள் இருக்கும்போது, அக்னி தீர்த்தத்துக்குப் போகும் வழியில் உள்ள ஒரு விடுதியின் தளம் சிவப்பானது. பக்கத்து விடுதிக்காரர் புகார் கொடுத்துவிட்டார் என்று உரிமையாளர் அடித்துச் சொன்னார். நானும் முகப்புப் பக்கத்தையும் அறை வாடகைப் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, தளத்தில் எந்தக் குறையும் இல்லை, இது தவறான எச்சரிக்கை என்று கூகுளுக்கு மறுஆய்வு கோரினேன். கோரிக்கை தள்ளுபடியானது. அதன் பிறகுதான் சர்வரில் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இரண்டு ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத ஒரு புகைப்பட ப்ளக்இன் (தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) வழியாக யாரோ உள்ளே நுழைந்து, அறைகளின் படங்கள் இருந்த கோப்புறைக்குள் இன்னொரு கோப்புறையை உண்டாக்கி, அதில் ஒரு வெளிநாட்டுக் கூரியர் நிறுவனத்தின் போலிப் பக்கத்தை வைத்திருந்தார்கள். குறிப்பிட்ட லிங்க் வழியாகக் கைப்பேசியில் வருவோருக்கு மட்டுமே அந்தப் பக்கம் தெரிந்தது. என் கணினியில் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம். உரிமையாளர் நேர்மையானவர், தளமும் அவருடையதுதான், ஆனால் எச்சரிக்கை சரியானது. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை, ஏனென்றால் அந்த ப்ளக்இன்னைப் புதுப்பிக்க வேண்டிய ஆள் நான்தான்.

ஆகவே, வாதாடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை இவை: நீங்கள் உண்டாக்காத கோப்புறைகள், அண்மையில் தேதி மாறிய கோப்புகள், உங்களுக்குத் தெரியாத நிர்வாகிப் பயனர் பெயர்கள், தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் அமைந்தது என்றால் பழைய ப்ளக்இன்களும் தீம்களும் (தோற்ற வார்ப்புருக்கள்). தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் நடத்தும் சர்ச் கன்சோல் என்ற சேவையில் ‘பாதுகாப்புச் சிக்கல்கள்’ என்ற பகுதியில் எந்த முகவரி சிக்கியது என்று சில நேரங்களில் எடுத்துக்காட்டும் கொடுத்திருப்பார்கள். அந்த முகவரியைக் கணினியில் மட்டுமல்லாமல் கூகுள் தன் பார்வையில் அதை எப்படிக் காண்கிறது என்று காட்டும் அதே கன்சோலின் ஆய்வுக் கருவியிலும் சோதிக்க வேண்டும்.

‘உங்கள் இணைப்பு தனிப்பட்டது அல்ல’ என்று வருவதும் இதுதானா?

இல்லை. அது, தளத்துக்கும் உலாவிக்கும் இடையிலான இணைப்பைப் பிறர் ஒட்டுக்கேட்காதபடி பூட்டும் மின்னணுச் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ் 90 நாள்களுக்குத்தான் செல்லும். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு நின்றுபோனால், அந்தக் காலம் முடிந்ததும் இந்தப் பக்கம் வந்துவிடும். பார்ப்பவரின் கைப்பேசியில் தேதி தவறாக இருந்தாலும் வரும். இதற்குக் கூகுளிடம் மனுப் போட்டுப் பயனில்லை, தளத்தின் கோப்புகளைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் சொல்லிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். மாறாக, சான்றிதழ் ஒழுங்காக இருப்பதால் தளம் நேர்மையானது என்றும் ஆகிவிடாது. மோசடிக்காரரும் அதே இலவசச் சான்றிதழை வாங்க முடியும். முகவரிப் பட்டையில் இருந்த பூட்டுச் சின்னத்தை மக்கள் நம்பிக்கைச் சின்னமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதாலேயே குரோம் 2023-இல் அதை எடுத்துவிட்டது.

உலாவி எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் திறக்கும் முகவரிகள் எல்லாம் கூகுளுக்குப் போகின்றனவா?

அடிப்படை முறையில் முழு முகவரி போவதில்லை. முகவரியை எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கின் மூலம் 32 பைட் நீளமுள்ள ஒரு குறியாக மாற்றுகிறார்கள். மோசடி முகவரிகளுடைய குறிகளின் முதல் 4 பைட்டுகள் மட்டும் கொண்ட பட்டியல் ஒன்று உலாவியிடம் இருக்கும். நீங்கள் திறக்கும் முகவரியின் தொடக்கம் பட்டியலில் உள்ள ஏதேனும் ஒன்றோடு பொருந்தினால்தான் உலாவி சர்வரிடம் முழுக் குறியைக் கேட்டு ஒப்பிடும்; முழுவதும் பொருந்தினால் மட்டுமே சிவப்புப் பக்கம் வரும். எனவே ‘தற்செயலாக என் முகவரியின் குறி வேறொருவருடையதோடு ஒத்துப்போயிருக்கும்’ என்ற ஐயத்துக்கு இடமில்லை.

பட்டியல் 30 முதல் 60 நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு வந்தது. ஆனால் மோசடிப் பக்கங்கள் சராசரியாகப் பத்து நிமிடங்கூட உயிரோடு இருப்பதில்லை என்று சொல்லி, 2024 மார்ச்சில் கூகுள் குரோமில் உடனுக்குடன் சரிபார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. அதிலும் குறியின் ஒரு பகுதி மட்டுமே, ஃபாஸ்ட்லி என்ற வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக, யார் கேட்கிறார் என்பது கூகுளுக்குத் தெரியாத வகையில் போகிறது. ‘மேம்பட்ட பாதுகாப்பு’ என்பதை நீங்களாகத் தேர்ந்தெடுத்திருந்தால் கதை வேறு. அப்போது முகவரிகளே அனுப்பப்படும்.

கோப்புகள் சுத்தமாக இருக்கின்றன, நான் ஒரு தவறும் செய்யவில்லை. பிறகு ஏன் மாட்டினேன்?

பெரும்பாலும் அக்கம்பக்கத்தால். பட்டியலில் தனிப் பக்கம் ஒன்றையும் சேர்க்கலாம், ஒரு கோப்புறை முழுவதையும் சேர்க்கலாம், ஒரு டொமைனையே, அதாவது தளத்தின் முதன்மைப் பெயரையே, சேர்க்கலாம். டொமைன் சேர்க்கப்பட்டால் அதற்குக் கீழே உள்ள துணை முகவரிகள் அத்தனையும் சிவப்பாகிவிடும். பாம்பனில் கருவாடு விற்கும் ஒருவர் இலவச இணையதளச் சேவை ஒன்றில் துணை முகவரி வாங்கி, விலைப்பட்டியலும் தொலைபேசி எண்ணும் மட்டும் போட்டிருந்தார். அதே சேவையில் வேறு எங்கோ இருந்தவர்கள் போலி வங்கிப் பக்கங்களைக் குவித்ததால் அந்த டொமைனே பட்டியலில் ஏறியது. கரைவலையை இழுத்தால் மடிக்குள் சிக்கியதெல்லாம்தான் கரைக்கு வரும். கழிசலோடு கழிசலாக நல்ல மீனும் மணலில் கிடக்கும். ஒரு டொமைனுக்குக் கீழே உள்ள முகவரிகள் வெவ்வேறு ஆள்களுக்குச் சொந்தமானவை என்று மென்பொருள்களுக்குத் தெரிவிக்க ‘பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்ட்’ என்ற பட்டியல் ஒன்று மொசில்லாவின் முயற்சியில் நடந்துவருகிறது. பொறுப்புள்ள சேவை நிறுவனங்கள் தங்கள் டொமைனை அதில் பதிந்து வைத்திருக்கும். இலவசச் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது அது அந்தப் பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பது நல்லது. ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கொடுத்துச் சொந்த டொமைன் வாங்கிவிடுவது அதைவிட நல்லது. பாம்பன்காரர் இப்போது அப்படித்தான் செய்திருக்கிறார்.

பட்டியலில் ஒரு பதிவு எவ்வளவு அகலமாக விழலாம் என்பதற்கு 2009 ஜனவரி 31 நல்ல சான்று. அன்று இந்திய நேரப்படி இரவு 8 மணியளவில் கூகுள் தேடலின் ஏறத்தாழ எல்லா முடிவுகளுக்கும் கீழே ‘இத்தளம் உங்கள் கணினிக்குத் தீங்கு விளைவிக்கலாம்’ என்ற எச்சரிக்கை வந்தது. தீய தளங்களின் பட்டியலைப் புதுப்பித்த ஒருவர் கைத்தவறாக ஒரு சாய்கோட்டை (/) மட்டும் தனிப் பதிவாகச் சேர்த்துவிட்டார். சாய்கோடு இல்லாத இணைய முகவரி ஏது? எல்லாம் பொருந்தின. எந்த ஒரு பயனருக்கும் அது சுமார் 40 நிமிடங்கள் நீடித்ததாகக் கூகுள் பின்னர் விளக்கம் அளித்தது. அது ஃபிஷிங் பட்டியல் அல்ல, தீய மென்பொருள் பட்டியல். ஆனால் பட்டியலால் இயங்கும் எந்தக் காவலுக்கும் உள்ள பலவீனம் ஒன்றுதான்.

இவை தவிர, உங்கள் டொமைனை முன்பு வைத்திருந்தவர் கெடுத்துவிட்டுப் போயிருக்கலாம். உங்கள் பக்கத்தில் வேறு தளத்திலிருந்து வரும் விளம்பரமோ அரட்டைப் பெட்டியோ கெட்டிருக்கலாம்.

விடுதி முன்பதிவுப் பக்கங்கள் அதிகம் மாட்டுவது ஏன்?

வடிகட்டியின் கண்ணுக்கு அவை எப்படித் தோன்றும் என்று எண்ணிப் பாருங்கள். நேற்றுப் பதிந்த டொமைன். அதன் பெயரில் கோயிலின் பெயர், ஊரின் பெயர், ‘ஆன்லைன்’, ‘புக்கிங்’ எல்லாம் கோவையாக இருக்கின்றன. பக்கத்தில் நான்கு வங்கிகளின் சின்னங்களும் மூன்று யுபிஐ செயலிகளின் சின்னங்களும் இருக்கின்றன. அதன் கீழே பெயர், கைப்பேசி எண், ஆதார் எண், முன்பணம் என்று கட்டங்கள். பின்னணியில் பழைய வார்ப்புரு, பாதிப் படங்கள் வேறு தளத்திலிருந்து நேரடியாக இழுக்கப்பட்டவை. யாத்திரிகர்களை ஏமாற்றுவதற்கென்றே தொடங்கப்படும் போலி முன்பதிவுத் தளமும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய இயந்திரத்துக்கு நீங்கள் எந்த அடையாளமும் தரவில்லை.

நான் அமைக்கும் விடுதித் தளங்களில் வங்கிச் சின்னங்களைப் போடுவதில்லை. ‘கூகுள் மூலம் உள்நுழைக’ என்று வேண்டுமானால் கூகுளின் சொந்த உள்நுழைவுப் பக்கத்துக்கே அனுப்ப வேண்டும்; நம் பக்கத்தில் ஜிமெயில் பாஸ்வேர்டைக் கேட்கும் கட்டத்தை வைப்பது, நோக்கம் எவ்வளவு தூயதாக இருந்தாலும், ஃபிஷிங்கின் இலக்கணத்துக்குள்தான் வரும். பணம் வாங்குவதையும் பதிவுபெற்ற கட்டணச் சேவையின் பக்கத்தில் நடத்திவிடலாம். அறை முன்பதிவுக்கு ஆதார் எண்ணை இணையத்தில் வாங்குவது எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விருந்தினர் வந்து சேரும்போது வரவேற்பு மேசையில் அடையாள அட்டையைப் பார்த்தால் போதாதா?

டொமைன் பெயரே தமிழில் இருந்தால் சந்தேகப்படுமா?

முழுப் பெயரும் தமிழ் எழுத்தில் இருந்து, இறுதியில் ‘.இந்தியா’ என்று முடிந்தால் அதனாலேயே சிக்கல் வராது. ஓர் எழுத்துமுறைக்குள் மற்றோர் எழுத்துமுறையின் ஒத்த வடிவ எழுத்தை நுழைத்துப் பெயரை ஏமாற்றும் தந்திரம் உண்டு என்பதால், கலப்பு எழுத்துப் பெயர்களை உலாவிகள் புரியாத குறியீட்டு வடிவில் காட்டும்.

இந்த வடிகட்டிகள் எவ்வளவு தவறு செய்கின்றன?

தொடக்க காலத்தில் நிறையவே செய்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 ஃபிஷிங் தடுப்புக் கருவிகளைச் சோதித்து வெளியிட்ட ஆய்வில், மோசடி முகவரிகளில் 90 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து பிடித்தது ஒரே ஒரு கருவிதான்; அதுவே நேர்மையான தளங்களில் 42 சதவீதத்தையும் மோசடி என்றது. கூகுளின் ஆய்வாளர்கள் 2010-இல் எழுதிய கட்டுரையில் தங்கள் இயந்திரத்தின் தவறு 0.1 சதவீதத்துக்கும் கீழே என்றார்கள்.

சிறிய எண்தான். ஆனால் இயந்திரம் சோதிக்கும் நேர்மையான பக்கங்கள் பத்து லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஆயிரத்துக்கு ஒன்று என்பது ஆயிரம் பக்கங்கள் ஆகும். அந்த ஆயிரத்தில் ஒருவராக மாட்டியவருக்கு 99.9 சதவீதம் சரி என்ற புள்ளிவிவரத்தால் எந்த ஆறுதலும் இல்லை.

எச்சரிக்கையை நீக்கக் கேட்பது எப்படி? எத்தனை நாள் ஆகும்?

கூகுளைப் பொறுத்தவரை, தளத்தின் உரிமையை சர்ச் கன்சோலில் உறுதிசெய்து, ‘பாதுகாப்புச் சிக்கல்கள்’ பகுதியிலிருந்து மறுஆய்வு கோருவதே சரியான வழி. என்ன கண்டீர்கள், எதை நீக்கினீர்கள், மறுபடி நேராமல் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். கெஞ்சல் தேவையில்லை, வியாபார நட்டக் கணக்கும் தேவையில்லை. ஃபிஷிங் தொடர்பான மறுஆய்வு சுமார் ஒரு நாளிலும், தீய மென்பொருள் தொடர்பானது சில நாள்களிலும் முடியும் என்று கூகுள் குறிப்பிடுகிறது. தளத்தில் எதுவுமே இல்லை, எச்சரிக்கையே தவறு என்றால் சேஃப் பிரவுசிங்கின் பிழை தெரிவிக்கும் படிவம் தனியே இருக்கிறது. உரிமையாளர் அல்லாதவரும் அதை நிரப்பலாம். மறுஆய்வு முடிந்ததும் வேண்டுமென்றே தீயதைத் திரும்ப வைக்கும் தளங்களுக்கு 30 நாள் வரை மறுபடி விண்ணப்பிக்க முடியாத தடை உண்டு. ஊடுருவலுக்கு ஆளான தளங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது.

எட்ஜில் மட்டும் வந்தால், எச்சரிக்கைப் பக்கத்திலேயே ‘மேலும் தகவல்’ என்பதை விரித்து, இத்தளத்தில் ஃபிஷிங் இல்லை என்று மைக்ரோசாஃப்டுக்குத் தெரிவிக்கலாம்.

கூகுள் நீக்கிவிட்டது. ஆனாலும் சிலருக்கு இன்னும் திறக்கவில்லையே?

ஒருவர் பட்டியலைப் பார்த்து இன்னொருவர் எழுதிக்கொள்ளும் வழக்கத்தின் விளைவு அது. வைரஸ் தடுப்பு மென்பொருள்கள், அலுவலக வலையமைப்புகள், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவைகள் ஆகியவை தத்தம் பட்டியல்களை வைத்திருக்கின்றன. மூலத்தில் நீங்கினாலும் நகல்களில் பெயர் தங்கிவிடும். வைரஸ்டோட்டல் தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால், பல நிறுவனங்களின் தீர்ப்பும் ஒரே பக்கத்தில் தெரியும். சிவப்பில் இருக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியே எழுதத்தான் வேண்டும். சலிப்பூட்டும் வேலை, வேறு குறுக்குவழி இல்லை.

போட்டியாளர் பொய்ப் புகார் கொடுத்திருப்பாரோ?

புகார் யாரும் கொடுக்கலாம். ஆனால் புகார் வந்ததும் பக்கம் சோதிக்கப்படும். வெறும் புகாரால் மட்டும் தளம் சிவப்பாவது அரிது. பக்கத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் உங்கள் ப்ளக்இன்களைப் பாருங்கள்.

அதுவரை வாடிக்கையாளரிடம் “விவரங்களை அழுத்தி, பரவாயில்லை என்று உள்ளே வாருங்கள்” என்று சொல்லலாமா?

சொல்லவே கூடாது. இந்தப் பக்கத்தில் நான் உறுதியாகச் சொல்லும் ஒன்று உண்டென்றால் இதுதான்.

குரோம், ஃபயர்ஃபாக்ஸ் பயனர்களுக்குக் காட்டப்பட்ட 2.5 கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை அலசிய 2013 ஆய்வு ஒன்றில், ஃபிஷிங் எச்சரிக்கையைத் தாண்டிச் சென்றவர்கள் ஃபயர்ஃபாக்ஸில் சுமார் 9 சதவீதமும் குரோமில் 18 சதவீதமும்தான். அதாவது பெரும்பாலானோர் நின்றுவிடுகிறார்கள். எச்சரிக்கை வேலை செய்கிறது. உங்கள் விடுதியின் வாட்ஸ்அப்பில் அந்தச் சிவப்புப் பக்கத்தைக் கடந்து வரும் வழியைப் படம் போட்டு அனுப்பினால், அதைக் கற்றுக்கொண்ட பெரியவர் அடுத்த வாரம் போலி வங்கிப் பக்கத்திலும் அதே போலக் கடந்து போவார். மேலும், உங்கள் தளத்தில் உண்மையிலேயே யாரோ நுழைந்திருந்தால் நீங்களே ஆள்பிடித்துக் கொடுத்தவர் ஆவீர்கள். தளம் சீராகும் வரை தொலைபேசியில் முன்பதிவு வாங்குங்கள். தளத்தைத் தற்காலிகமாக மூடி வைப்பதிலும் குற்றமில்லை.

வடிகட்டியையே அணைத்துவிடலாமா என்று கேட்போருக்கும் இதே பதில்தான்.

நான் பார்வையாளர் மட்டுமே. எனக்குத் தெரிந்த தளத்தில் எச்சரிக்கை வந்தால்?

திரும்பி வந்துவிடுங்கள். வேறு வழியில், ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணில், அவர்களை அழைத்துச் சொல்லுங்கள். பல உரிமையாளர்களுக்குத் தங்கள் தளம் கெட்டிருப்பது அப்படித்தான் தெரியவருகிறது. வங்கித் தளம் என்றால் முகவரியின் இறுதியைப் பாருங்கள்: இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் ‘.பேங்க்.இன்’ (.bank.in) என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. விவரங்களை எழுதிவிட்டீர்கள், பணமும் போய்விட்டது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள்.

என் தளம் பட்டியலில் ஏறினால் எனக்கு யாராவது சொல்வார்களா?

சர்ச் கன்சோலில் பதிந்திருந்தால் கூகுள் மின்னஞ்சல் அனுப்பும். கூகுளின் வெளிப்படைத்தன்மை அறிக்கைத் தளத்தில் எந்த முகவரியின் நிலையையும் நீங்களே எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆனால் அந்த மின்னஞ்சல் யாருக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். இந்தக் கரையில் பாதித் தளங்களைத் தொடங்கி வைத்தவர் மச்சானோ, அண்ணன் மகனோ. அவர் இப்போது துபாயிலோ மலேசியாவிலோ இருக்கிறார். டொமைன், ஹோஸ்டிங், சர்ச் கன்சோல் மூன்றும் அவர் கல்லூரிக் காலத்தில் வைத்திருந்த, இப்போது திறந்தே பார்க்காத ஜிமெயிலில் கிடக்கின்றன. தேவிபட்டினத்தில் ஒருவருக்குத் தளம் சிவப்பான செய்தி அப்படித்தான் ஐந்து வாரம் கழித்துக் கிடைத்தது. இன்றே அவரை அழைத்து, மூன்றின் உரிமையையும் உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள். அங்கே விடுமுறை நாள் என்றால், மாலைத் தொழுகை முடிந்த பிறகு அழைத்தால் எடுப்பார்.